களமெங்கும் ஐஸ் மச்சான்

நான் ஒரு முட்டாள். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. பேஸ்பால் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. அந்த ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்ததும் இல்லை. தாலுகா ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, யாரோ கூப்பிட்டமாதிரி திரும்பிப் பார்த்து மூச்சு வாங்கிக்கொள்கிற உடம்பு என்னுடையது. அப்படிப்பட்ட நான் ஒரு பேஸ்பால் வீடியோ கேமுக்குள் சொந்தமாக ஓர் அணியை உருவாக்கி, அதில் என்னையும் ஆட்டக்காரனாகச் சேர்த்து, ஓட்ட வேகம் என்ற கட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று போட்டேன். நூறே போட்டிருப்பேன். தன்னடக்கம் தடுத்துவிட்டது.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பது, பட்டாவுக்கு விண்ணப்பம் போடுவது, பெயர் திருத்தம், பிறந்த தேதி திருத்தம். ஊர்க்காரர்களின் பெயரையும் வயதையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் பிழைப்பு. என் மனைவி ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொள்கிறாள். மிச்ச நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டில் அடிக்கடி மக்கர் பண்ணுவது எது என்று கேட்டால் மிஷின் பக்கம் கை காட்ட மாட்டாள்.

என் சித்தப்பா மகன் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறான். அவன் தங்கியிருக்கும் கேம்ப்பில் பொழுதுபோக்கு அறை என்று ஒன்று உண்டு. ஊருக்குத் திரும்பிப்போன ஓர் இன்ஜினியர் தன் பழைய கம்ப்யூட்டரை அங்கே விட்டுப் போயிருக்கிறார். அதற்குள் இருந்த ஒரே விளையாட்டு இந்த பேஸ்பால். வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் நேபாளி, பிலிப்பைன்ஸ்காரர், மலையாளி என்று எல்லாரும் அதன் முன்னால் கூடிவிடுவார்கள். விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் அணிகளை எடுத்து ஆடலாம். நாமே ஆட்களை உருவாக்கி, பெயர், வயது, முகம், திறமை எல்லாம் கொடுத்து ஒரு பட்டியல் செய்து உள்ளே ஏற்றியும் ஆடலாம். அந்தப் பட்டியலுக்கு ரோஸ்டர் என்று பெயர்.

ஒருநாள் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, நேபாளி பயலுக அவனுக ஊர்ப் பேருலயே டீம் வச்சிருக்கானுக. பிலிப்பைன்ஸ்காரன் அவன் மச்சினன் மூஞ்சிய உள்ள ஏத்தியிருக்கான். நான் மட்டும் எவனோ ஒருத்தன வச்சு ஆடிக்கிட்டிருக்கேன்."

"அதுக்கு நான் என்னடா பண்ணணும்?"

"நம்மாளுகள வச்சு ஒரு டீம் போட்டுக் குடுங்கண்ணே. கம்ப்யூட்டர்ல நீங்கதான பெரிய ஆளு."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லி என்னிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். சரி என்றேன். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. மட்டையப் புடிச்சிக்கிட்டு வர்றப்ப ஸ்கிரீனுக்குக் கீழ பேரும் மூஞ்சியும் வரும். அதுல எம்பேரு வரணும். இங்க ஒரு பயகூட எம்பேரச் சொல்லிக் கூப்புடுறதில்ல. பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசியில கெடக்குல்ல, அதப் புடிச்சுக்கிட்டானுக. நாள் பூராவும் சைட்ல எங்கப்பா பேரத்தான் ஏலம் போடுறானுக."

சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தால், அவன் பெயரைச் சொல்லி அவனை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. அது எங்கள் தாத்தாவின் பெயர். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் சித்தி அவனைச் 'சின்னவன்' என்றுதான் இன்றுவரை கூப்பிடுகிறார். சரி, பள்ளிக்கூடத்திலாவது கூப்பிட்டிருப்பார்களே என்றால் அங்கே இன்னும் மோசம். அதே தாத்தா பெயர்தான் எனக்கும். அதே பெயர்தான் அத்தை மகனுக்கும். மூன்று பேரும் ஒரே வகுப்பு. வாத்தியார் எங்களை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி வைத்திருந்தார். தம்பி மூணு.

ஆக, மூணாம் நம்பராகவும் சின்னவனாகவும் சித்தப்பாவாகவும் வாழ்ந்துவிட்ட ஒருவன், ஒரே ஒரு தடவை திரையில் தானாக வர ஆசைப்படுகிறான். இதைக்கூடச் செய்யாமல் அண்ணன் என்று எதற்கு இருப்பது?

இருபத்தைந்து பேர் வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், எதிர்த்த டீக்கடை மாஸ்டர் என்று பிடித்துப் போட்டேன். அந்த விளையாட்டின் ரசிகர் ஒருவர் இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு கருவி இருந்தது. விவரங்களை எக்ஸெல்லில் அடித்து அதில் கொடுத்தால் அதுவே ரோஸ்டர் ஆக்கித் தரும். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். அப்பா பெயர் வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டானே என்று, ஸ்டைலாக இருக்கட்டும் என எல்லாருக்கும் கடைசிப் பெயர் 'அறந்தாங்கி' என்று போட்டேன். அந்த நேரத்தில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பிறந்த தேதிகளுக்குக் கஷ்டமே இல்லை. பாதிப் பேரின் ஆதார் ஜெராக்ஸ் என் கடையில்தான் கிடக்கிறது.

அத்தை மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறார். கடலுக்குப் போகும் போட்டுகளுக்கெல்லாம் ஐஸ் அவருடையது. ஊருக்கே ஐஸ் மச்சான். நல்ல உடம்பு, அதைவிட நல்ல மீசை. லைசென்ஸ் புதுப்பிக்கக் கடைக்கு வந்தவர் திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, அது நான்தான?"

"நீங்கதான் மச்சான். இடது கையால பந்து எறியிற ஆளு. பேஸ்பால்ல இடது கைக்குத் தனி மரியாதை."

"அப்புடியா? சோத்துக் கையில எறியலன்னு எங்கம்மா போட்ட அடியெல்லாம் வீணாப் போச்சா?" என்றவர், வரிசையைப் பார்த்ததும் முகம் மாறினார். "அதென்ன ஒம்பதுன்னு போட்டிருக்கு?"

"மட்டை புடிக்கிற வரிசை மச்சான். நீங்க ஒம்பதாவது."

"யாரு மொதல்ல?"

"நான்."

"நாலாவது?"

"தம்பி."

"அப்ப ஒங்கள விட மூத்தவன் நான் கடைசியா? கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரக் கீழ போட்ட மாதிரி?"

"மச்சான், இது மரியாதை வரிசை இல்ல. வேகமா ஓடுறவன் மொதல்ல, நல்லா அடிக்கிறவன் நாலாவது..."

"நீ வேகமா ஓடுவ?"

ஜெராக்ஸ் மிஷின் பக்கமிருந்து என் மனைவி குலுங்கிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மச்சான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "கடைசியில போட்டேல்ல? இதுக்கு நீ படுவ பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சாபம் கொடுக்கத் தெரிந்த மனிதர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ரோஸ்டரைத் தயார்செய்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை தம்பி கூப்பிட்டான். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"அண்ணே, என்னையக் காணோம்ணே."

"நாலாவது வருவடா."

"நாலாவது வந்தேன். ஆனா வந்தது ஐஸ் மச்சான். மொதல்ல நீங்க வரணும். அங்கயும் மச்சான். ஒம்பதாவதும் மச்சான். எல்லாப் பயலும், 'இதுல எது நீ? இந்தக் குண்டனா?'ன்னு கேட்டுச் சிரிக்கிறானுக."

"ஒரு நிமிசம் இருடா, பாக்குறேன்..."

"அடுத்த வெள்ளிதாண்ணே கடைசி. அதுக்கப்பறம் என்னைய வேற சைட்டுக்கு மாத்துறானுக. அங்க கம்ப்யூட்டரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது."

கடையிலேயே அந்த விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். பந்தை எறிகிறவர் மச்சான். அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர் மச்சான். அவர் எறிய, அங்கிட்டு நின்று பிடிக்கிறவரும் மச்சான். மூன்று மீசைகள், மூன்று தொப்பைகள். என் தொண்ணூற்றெட்டு வேகம் போன இடம் தெரியவில்லை. என் இடத்தில் மச்சான் மாவாட்டுகிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை எதிரிக்குக்கூடச் சொல்லமாட்டேன். உங்களிடம் சொல்கிறேன். முதலில் மச்சானின் போட்டோ பெரியதாக இருப்பதுதான் காரணம் என்று அதைச் சின்னதாக்கினேன். சின்ன மச்சான் மூன்று பேர் வந்தார்கள். போட்டோவையே எடுத்துவிட்டேன். முகமில்லாத மச்சான் மூன்று பேர் வந்தார்கள். அதைப் பார்க்கப் பயமாக இருந்ததால் போட்டோவைத் திரும்பச் சேர்த்தேன். ஃபைல் பெயரைச் சுருக்கினேன். கருவியை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். ஆன்டிவைரஸ் அந்தக் கருவியைத் திருடன் என்று பிடித்துத் தின்றுவிட்டது. அதனிடம் கெஞ்சிக் கூத்தாடி மீட்டேன். பட்டா விண்ணப்பத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று, நான் திரையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதைக் கண்டு, தங்கள் நிலத்தில் ஏதோ பெரிய வில்லங்கம் என்று பயந்துபோனார்கள்.

அந்த விளையாட்டின் ரசிகர்கள் கூடும் இணையதளத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முறையிட்டேன். 'ஐயா, என் அணியில் ஒரே ஆள் மூன்று முறை வருகிறார், தயவுசெய்து உதவவும்.' பதில் வந்தது. 'பக்கத்தின் மேலே குத்திவைத்திருக்கும் குறிப்பைப் படி.' போய்ப் பார்த்தேன். ஆவுடையார்கோவில் பிரகாரத்தைச் சுற்றி வந்துவிடலாம், அந்தக் குறிப்பைப் படித்து முடிக்க முடியாது. பந்து சுழலும் கோணம் முதல் ஆட்டக்காரரின் காலுறை நிறம் வரை அத்தனையும் இருந்தது. ஒரே ஆள் மூன்று பேராவது எப்படி என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை.

இதற்கு நடுவில் மச்சான் போன் செய்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"மாப்ள, மூணு எடத்துலயும் நான்தானாமே?"

"ஆமா மச்சான், அதத்தான் திருத்திக்கிட்டிருக்கேன்."

"அத ஏன்டா திருத்துற? நல்லாத்தான இருக்கு!"

வியாழக்கிழமை. ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் இரண்டு மகன்களின் பள்ளிச் சான்றிதழோடு வந்தார். இரண்டிலும் ஒரே பிறந்த தேதி. வெளிநாடு போகப் பாஸ்போர்ட் கேட்டால் திருப்பி அனுப்புகிறார்களாம்.

"இரட்டைப் புள்ளைங்களா?"

"இல்லிங்க தம்பி. மூத்தவனுக்கும் இளையவனுக்கும் ஒன்றரை வருசம். ரெண்டு பேரையும் ஒண்ணாக் கொண்டுபோயி இஸ்கூல்ல சேத்தேன். வாத்தியாரு ஒரே தேதியாப் போட்டுவிட்டுட்டாரு."

இந்தக் கேஸ் வாரத்துக்கு ஒன்றாவது வரும். இதற்கென்றே என்னிடம் ஒரு சொற்பொழிவு இருக்கிறது. ரோஸ்டர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அவர்மேல் இறக்கினேன்.

"ஏங்க, அப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கம்ப்யூட்டருக்கு என்னங்க தெரியும், இது அண்ணன், இது தம்பின்னு? அது மூஞ்சியவா பாக்குது? பேரையும் தேதியையும்தான பாக்கும்?"

"பேரு வேற வேறதானுங்களே."

"பேரு வேறங்கிறதால பொழச்சீங்க! பேரும் ஒண்ணா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு முடிவு பண்ணி, ஒருத்தனத் தூக்கிட்டு இன்னொருத்தன..."

அத்தோடு நின்றுவிட்டேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"என்ன தம்பி, பேசிக்கிட்டே இருந்தீங்க..." என்றார் பெரியவர்.

"நீங்க ஒக்காருங்கய்யா, அவருக்கு இப்பதான் கரெண்ட்டு வந்திருக்கு" என்றாள் என் மனைவி.

எங்கள் மூன்று பேரையும் பள்ளியில் சேர்த்த கதை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாத்தா ஒரே நாளில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் பிறந்த சான்றிதழ் எல்லாம் யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயது. மச்சான் உண்மையிலேயே அஞ்சு முடிந்தவர், சாதாரணமாகத் தொட்டார். நான் கழுத்தைச் சாய்த்துக் காதைக் கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பிக்கு வயது பத்தவில்லை, ஆனால் கை நீளம். தொட்டுவிட்டான். ஹெட்மாஸ்டர் மூன்று பேருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதி, ஒரே வருடத்தையும் போட்டு, கதையை முடித்தார். அதுவே ஆதாருக்கு வந்தது. அதையே நானும் என் கையால் எக்ஸெல்லில் அடித்தேன்.

குத்திவைத்த குறிப்பை மறுபடி திறந்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது. பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கருவி அவர்களை ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளும். வரிசையில் கடைசியாக வருகிறவரை வைத்துக்கொண்டு மற்றவர்கள்மேல் அவரையே எழுதிவிடும். கடைசியில் போட்டேனே, மச்சானை! அப்பா பெயரைப் போட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். 'அறந்தாங்கி' என்று எல்லாருக்கும் ஒட்டியது யார்? கம்ப்யூட்டரில் பெரிய ஆள்.

நாள் முழுக்க ஊரார் பிறந்த தேதியைத் திருத்துகிறவனுக்கு, சொந்த வீட்டில் மூன்று பேர் ஒரே நாளில் பிறந்திருப்பது கண்ணில் படவில்லை. பெரியவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்ததன் காரணம் இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பொய்த்தேதி எதையாவது போட்டால் வேலை முடிந்தது. எனக்கு அப்படித்தான் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். ஆனால் தம்பியைத் தம்பியாகவே இறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. சித்திக்குப் போன் செய்தேன்.

"சித்தி, தம்பி உண்மையில என்னைக்குப் பொறந்தான்?"

"ஏன்டா? சின்னவனுக்கு நேரம் கீரம் சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல சித்தி, கம்ப்யூட்டர்ல போடணும்."

"ஐப்பசியில. தீவாளி முடிஞ்ச மூணாம் நாளு, விடிகாலையில. நீ அப்ப நடை பழகிக்கிட்டுத் திரிஞ்ச. பொறந்த புள்ளையப் பாக்க வந்து அவன் காதப் புடிச்சு இழுத்த. அதப் போடாத."

நெட்டில் அந்த வருடத்துத் தீபாவளியைத் தேடி, மூன்று நாள் எண்ணி, தேதியைக் கண்டுபிடித்து ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். அதே நேரம் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு ஜன்னலில் பாட்டி, இன்னொரு ஜன்னலில் தம்பி. இரண்டையும் அடித்து முடித்தேன். பாட்டியின் விண்ணப்பத்தை அனுப்பும் முன் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது? பாட்டிக்கு ஒங்கள விட வயசு கம்மியாப் போட்டிருக்கீங்க?"

"கை தவறிப்போச்சு" என்று பாட்டியின் தேதியைத் திருத்தி அனுப்பினேன். பாட்டியிடம் தப்புத் தேதி இருக்கிறதென்றால் பாட்டியின் தேதி எங்கே போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ரோஸ்டரை ஓட்டிக்கூடப் பார்க்காமல் தம்பிக்கு அனுப்பினேன். முட்டாள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, சும்மா வாய்க்கு வந்ததையா சொன்னேன்?

வெள்ளிக்கிழமை, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் போன்.

"அண்ணே..."

"வந்தியா? நாலாவது வந்தியா?"

"லிஸ்ட்ல நீங்க வந்துட்டீங்க. மச்சானும் வந்துட்டாரு. எம்பேருக்கு நேரா ரிட்டயர்டுன்னு காட்டுது. ஆட விடமாட்டேங்குது."

"ரிட்டயர்டா?"

"வயசு அறுவத்தேழுன்னு போட்டிருக்குண்ணே. எப்படா ஊருக்கு வந்து சேருவன்னு வீட்டுல எல்லாரும் கேக்குறாக. அதுக்கு யாரும் ஒரு வழி பண்ணல, நீங்க ரிட்டயரே பண்ணி விட்டுட்டீங்க."

அவன் குரலில் சிரிப்பு இல்லை. பின்னால் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நேபாளி அணி முதலில் மட்டை பிடிக்கப் போகிறதாம். அவர்கள் மூன்று பேர் அவுட்டாகும்வரை இவன் அணி பந்து எறிந்துகொண்டிருக்கும். அதற்குப் பிறகு இவர்கள் முறை. அந்த அறையின் கணக்குப்படி, வேறு ரோஸ்டர் ஏற்ற வேண்டுமென்றால் இவர்கள் முறை வருவதற்குள் நிறுத்தி, ஏற்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இவர்கள் மட்டையைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான்.

"நேபாளி நல்லா அடிப்பானாடா?"

"நல்லா அடிப்பான்."

"அடிக்க விடு. மெதுவா எறி."

கடையில் கூட்டம். அன்றைக்குப் பார்த்து ஐஸ் மச்சான் வேறு, லைசென்ஸ் என்ன ஆச்சு என்று வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டுத் தாளைக் காணவில்லை. மேசைக்கு அடியில், குப்பைக் கூடையில், என் சட்டைப் பையில், எங்கேயும் இல்லை. கடைசியில் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் யாருக்கோ போட்டோ சைஸ் எழுதிக் கொடுக்க மனைவி மிஷின்மேல் வைத்திருந்தாள்.

"மாப்ள, இந்தத் தடவையாவது பாத்து அடி" என்றார் மச்சான்.

"பேசாதீங்க மச்சான்."

"அப்புடியே தம்பிய மொதல்ல போட்டுரு. ஒன்ன ஒம்பதுக்குத் தள்ளு."

"பேசாதீங்கன்னு சொன்னேன்ல!"

தேதியை அடித்தேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். மனைவியையும் படிக்கச் சொன்னேன். மச்சானும் கேட்காமலே படித்தார். ரோஸ்டராக்கி வாட்ஸ்அப்பில் போட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மச்சான் ரவுட்டர் தலையில் தட்டினார். ஐஸ் பிளான்ட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் சரிசெய்வார்களாம். அதனால்தானோ, தானாகவோ, போய்ச் சேர்ந்தது. இரண்டு நீல டிக்.

பிறகு ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு வருமானச் சான்றிதழ், இரண்டு ரேஷன் கார்டு விண்ணப்பம் முடிந்தன. மச்சான் ஊருக்குப் போகாமல் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். என் மனைவி ஜெராக்ஸ் மிஷினை விட்டுவிட்டு என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் நானே கேட்டு அனுப்பினேன். 'என்னடா ஆச்சு? ஏத்துனியா? நாலாவது வந்தியா? அடிச்சியா?'

பதில் வந்தது.

'மொதப் பந்துலயே அவுட்டு. ஆனா நான்தான்.'